அந்த ஒரு பத்தி: தத்துவப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தத்துவப் பாடத்திட்டம் வகுக்கும் குழுக்களில் இருப்போருக்கும், தமிழில் தத்துவ வரலாறு எழுதும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் கல்லூரியில் தத்துவம் படித்த காலத்தில், மேலைத் தத்துவ வரலாறு என்ற தாளுக்கு வைத்திருந்த புத்தகத்தில் ஒரு பத்தி உண்டு. சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் முடிந்து, பிளாட்டினஸும் அகஸ்டினும் முடிந்து, தாமஸ் அக்வினாஸ் வருவதற்குச் சற்று முன்னால் அது வரும். அரிஸ்டாட்டிலின் நூல்களை அரேபியர்கள் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள், பிறகு அவை ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன என்று இருக்கும். அவ்வளவுதான். அதிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். நாங்களும் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். பின்னாளில் நானே அந்தத் தாளை நடத்த வந்தபோதும் அந்தப் பத்தி அப்படியே இருந்தது. இரண்டு மூன்று வருடம் நானும் அதை வாசித்துவிட்டுக் கடந்து போனேன்.

ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், நானூறு வருஷம் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை நூலகத்தில் போய் உட்கார்ந்ததுதான் தொடக்கம். அன்றிலிருந்து நேரம் கிடைக்கும்போதெல்லாம் இதைப் படித்து வருகிறேன். அரபு எனக்குத் தெரியாது; ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாகத்தான் படித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வழியாகப் படித்தவனுக்கே ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அரபு மொழியில் எழுதிய தத்துவவாதிகள் கிரேக்கர்களுக்குப் பதில் எழுதினார்கள். கேள்வி கேட்டார்கள், மறுத்தார்கள், திருத்தினார்கள், ஒட்டவே ஒட்டாது என்று தோன்றும் இரண்டை ஒட்டிப் பார்த்தார்கள். அந்தப் பதில் நம் பாடத்தில் எங்குமே இல்லை.

காப்பாற்றினார்கள் என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெட்டியில் பூட்டி வைத்த நகையைத்தான் அப்படிச் சொல்வோம். பாக்தாதில் நடந்தது வேறு. 762இல் கலீஃபா அல் மன்சூர் அந்த நகரத்தை நிறுவினார். அடுத்து வந்த அல் மஹ்தி, 780களின் தொடக்கத்தில், அரிஸ்டாட்டிலின் 'தோபிகா'வை அரபியில் தரும்படி கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயுவைக் கேட்டுக்கொண்டார். எதிராளியோடு வாதம் செய்வது எப்படி என்று சொல்லித்தரும் நூல் அது. முஸ்லிம், கிறித்தவர், யூதர், மானி என்பவரின் மதத்தைப் பின்பற்றிய மானியர் எல்லாரும் ஒரே தலைநகரில் ஒருவரோடொருவர் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, ஆட்சியாளருக்கு அப்படி ஒரு நூல் தேவைப்பட்டிருக்கிறது. தேவை இருந்ததால் தேடினார்கள்.

தேடினார்கள் என்பதற்கு ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கைச் சொல்ல வேண்டும். ஹீரா ஊரைச் சேர்ந்த கிறித்தவர், 873இல் காலமானார். கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களில் எவை எவை யாரால் மொழிபெயர்க்கப்பட்டன என்று ஒரு நீண்ட கடிதமே எழுதி வைத்திருக்கிறார். கேலனின் 'நிரூபணம்' பற்றிய நூலைத் தேடி மெசபொட்டேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலைந்து அலெக்சாந்திரியா வரை போனதையும், கடைசியில் டமாஸ்கஸில் பாதி மட்டும் கிடைத்ததையும் அதில் சொல்கிறார். ஒரே நூலுக்குப் பல கிரேக்கப் பிரதிகளைச் சேகரித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பிழை களைந்த ஒரு பிரதியை உருவாக்கிவிட்டுத்தான் மொழிபெயர்க்கவே உட்காருவார். ஏட்டுச்சுவடிகளோடு போராடிய பதிப்பாசிரியர்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அல் கிந்தி. ஒன்பதாம் நூற்றாண்டில் அரபியில் தத்துவம் எழுதத் தொடங்கிய முதல் பெரிய பெயர். உண்மை எங்கிருந்து வந்தாலும், தொலைவான இனத்தாரிடமிருந்தும் வேற்று நாட்டாரிடமிருந்தும் வந்தாலும், அதை மதிக்கவும் ஏற்கவும் நாம் வெட்கப்படக் கூடாது என்று 'முதல் தத்துவம்' என்ற நூலின் தொடக்கத்திலேயே எழுதுகிறார். இந்த வரியைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குப் பின்னால் அதே நூலில் அவர் செய்வதைச் சொல்பவர்கள் குறைவு. உலகம் அநாதியானது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை மறுத்து, உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று வாதிடுகிறார். முதல் ஆள், முதல் நூல், அதிலேயே ஆசானோடு முரண்பாடு. காவல் காத்தவர் செய்கிற வேலையா இது?

இதே கிந்தியின் வட்டத்தில்தான் தத்துவ வரலாற்றின் மிகப் பெரிய பெயர்க் குழப்பமும் நடந்தது. எம்மெஸாவைச் சேர்ந்த இப்னு நாயிமா என்ற கிறித்தவர் ஒரு கிரேக்க நூலின் பகுதிகளை அரபியாக்கினார். கிந்தி அதைச் செப்பம் செய்து கலீஃபாவின் மகனுக்காகத் தந்தார். 'அரிஸ்டாட்டிலின் இறையியல்' என்று அதற்குப் பெயர். உண்மையில் அது அரிஸ்டாட்டிலுடையது அல்ல. அரிஸ்டாட்டில் இறந்து ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த பிளாட்டினஸின் 'என்னியட்ஸ்' நூலின் கடைசிப் பாகங்களை விரித்தும் மாற்றியும் எழுதியது. அதில் ஓர் இடம் வருகிறது: பலமுறை நான் என் ஆன்மாவோடு தனித்திருந்தேன், உடலைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, உடலே இல்லாத வெறும் பொருளைப் போல எனக்குள் நுழைந்தேன் என்று. இதை அரிஸ்டாட்டில் சொன்னதாக நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். தர்க்கத்துக்கு இலக்கணம் வகுத்தவரும் ஆன்ம அனுபவத்தில் தோய்ந்தவரும் ஒரே மனிதராகிவிடுகிறார்.

பல தலைமுறைகள் அப்படித்தான் படித்தன. பின்னால் நான் விரிவாகச் சொல்லப்போகும் தத்துவவாதி இப்னு சீனாவுக்கு மட்டும் அந்த நூலைப் பற்றிக் கொஞ்சம் ஐயம் இருந்தது. ஒரு கடிதத்தில் அதைக் குறிப்பிடுகிறார். இருந்தாலும் அவரும் அதற்குக் குறிப்புரை எழுதினார். என்னைக் கேட்டால், ஒரு நூலின் முகப்பில் இருந்த தவறான பெயர் இவ்வளவு பெரிய விளைச்சலைத் தந்தது வேறெங்கும் நடந்திருக்காது. அறிவின் வழியும் அனுபவத்தின் வழியும் ஒரே ஆசானிடமிருந்து கிளம்புகின்றன என்று நம்பியவர்கள், அந்த இரண்டையும் ஒரே நூலில் எழுதத் துணிந்தார்கள்.

சரி, எல்லாரும் கிரேக்கத்தைக் கைகூப்பி வரவேற்றார்களா? இல்லை. நான் வகுப்பில் மிகவும் விரும்பி நடத்துவது இந்த இடத்தைத்தான். 932இல் பாக்தாதில் அமைச்சர் இப்னுல் ஃபுராத்தின் அவையில் ஒரு வாதம் நடந்தது. ஒரு பக்கம் அபூ பிஷ்ர் மத்தா. அரிஸ்டாட்டிலின் தர்க்கத்தைக் கற்பித்த கிறித்தவர். மறுபக்கம் இலக்கண அறிஞர் அபூ சயீத் அஸ் சீராஃபி. சரியான பேச்சையும் தவறான பேச்சையும் பிரித்தறிய தர்க்கம்தான் கருவி, அது ஒரு தராசு என்று மத்தா தொடங்குகிறார். சீராஃபி விடவில்லை. தராசு எடையைச் சொல்லும். நிறுத்த பொருள் இரும்பா, பொன்னா, பித்தளையா என்று தராசு சொல்லுமா என்று கேட்கிறார். அடுத்த அடி இன்னும் பலமானது. தர்க்கத்தை வகுத்தவர் ஒரு கிரேக்கர், தம் மக்கள் பேசிய மொழியின் மேல் நின்று வகுத்தார். துருக்கியரும் இந்தியரும் பாரசீகரும் அரபியரும் அதை ஏன் தீர்ப்பாக ஏற்க வேண்டும்?

எண்ணங்கள் எல்லா மக்களுக்கும் பொது, நாலும் நாலும் எட்டு என்பது எந்த நாட்டிலும் எட்டுதான் என்கிறார் மத்தா. எல்லா விஷயமும் நாலும் நாலும் எட்டு என்பது போல இருந்தால் உலகத்தில் கருத்து வேறுபாடே இருக்காதே என்கிறார் சீராஃபி. பிறகு, அரபியில் 'வ' என்ற ஒரே எழுத்துக்கு எத்தனை பொருள் என்று சொல்லும் பார்க்கலாம் என்று மடக்குகிறார். நம் 'உம்' போன்றது அது. உம்மைக்கு எட்டுப் பொருள் என்று தொல்காப்பியம் சொல்வதைப் படித்த நம் மாணவர்களுக்கு, அந்தக் கேள்வியின் கூர்மை சட்டென்று பிடிபடுகிறது. அவையில் மத்தா தோற்றதாகத்தான் நமக்குக் கிடைத்த பதிவு சொல்கிறது. அதை எழுதி வைத்தவர் சீராஃபியின் மாணவரான தவ்ஹீதி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கேள்வி அங்கே முடியவில்லை. 950இல் டமாஸ்கஸில் மறைந்த அல் ஃபாராபி, அரிஸ்டாட்டிலுக்கு அடுத்த இரண்டாம் ஆசான் என்று போற்றப்பட்டவர், அதற்கு நிதானமாக ஒரு விடை தந்தார். இலக்கணம் ஒரு மக்களின் மொழிக்கு விதி தருகிறது. தர்க்கம் எல்லா மக்களின் மொழிகளுக்கும் பொதுவான விதியைத் தருகிறது. நாவுக்கு இலக்கணம் எப்படியோ அப்படி அறிவுக்குத் தர்க்கம். இந்த விடை போதுமா என்று என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சண்டை நடக்கிறது. பாதிப் பேர் சீராஃபி பக்கம். சிந்தனை மொழிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்ற கேள்வியை இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பியர்களை வைத்து மட்டும் நடத்துகிறோமே, பாக்தாதின் அந்த அவையை ஏன் விட்டுவிட்டோம்?

இப்னு சீனாவுக்கு வருகிறேன். 980இல் புகாராவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். அரிஸ்டாட்டிலின் 'மெய்ப்பொருளியல்' நூலை நாற்பது முறை படித்தும், வரி மனப்பாடமாகியும், அதன் நோக்கம் பிடிபடவில்லை என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். ஒரு நாள் புத்தகக் கடைத்தெருவில் ஒரு வியாபாரி வற்புறுத்தி மூன்று திர்ஹத்துக்கு ஒரு நூலை விற்கிறார். அது அந்த நூலின் நோக்கத்தைப் பற்றி ஃபாராபி எழுதியது. வீட்டுக்குப் போய்ப் படித்ததும் எல்லாம் திறந்துகொண்டது. மறுநாள் ஏழைகளுக்குத் தானம் கொடுத்தேன் என்கிறார். ஒரு புத்தகம் புரிந்ததற்காகத் தானம் கொடுத்த மனிதர்! மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் குரல் தழுதழுக்கும்.

புரிந்துகொண்டதோடு நிற்கவில்லை. ஒரு பொருள் என்ன என்பது வேறு, அது இருக்கிறது என்பது வேறு என்று அவர் பிரித்தார். முக்கோணம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அப்படி ஒன்று வெளியே இருக்கிறதா என்பது அந்த அறிவுக்குள் அடங்காது. தன் இயல்பால் இருந்தே தீர வேண்டும் என்றில்லாத பொருள்கள் இருக்கின்றன என்றால், அவற்றை இருக்கச் செய்த ஒன்று வேண்டும். அந்த வரிசை, இருந்தே ஆக வேண்டிய ஒன்றில் போய் முடிய வேண்டும். 'வாஜிபுல் வுஜூத்' என்றார் அதை. அரிஸ்டாட்டிலின் கடவுள் அசைவுக்குக் காரணமானவர். இப்னு சீனாவின் கடவுள் இருப்புக்கே காரணமானவர். இந்த ஒரு மாற்றம்தான் அக்வினாஸ் வரை போனது. பின்னாளில் எழுந்த அகீதா என்ற மார்க்கக் கொள்கை நூல்களிலும் அந்தச் சொல் குடியேறிவிட்டது. இதே மனிதர்தான் தன் கடைசிக்காலப் பெருநூலான 'இஷாராத்'தின் முடிவில், ஞானிகள் படிப்படியாகக் கடக்கும் நிலைகளைப் பற்றி ஓர் அதிகாரமே எழுதினார்.

மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி விஷயத்தில்தான் நம் புத்தகங்கள் பெரிய தவறு செய்கின்றன. கஸ்ஸாலி தத்துவத்தைக் கொன்றார், அத்தோடு இஸ்லாமிய உலகில் சிந்தனை நின்றது என்று எழுதுகிறார்கள். தத்துவவாதிகளை மறுத்து அவர் எழுதிய 'தஹாஃபுத்' நூலில் 20 விவாதங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றை மட்டும்தான் மார்க்கத்தை விட்டே வெளியேற்றும் கருத்துகள் என்கிறார்: உலகம் அநாதி என்பது, இறைவன் தனித்தனி நிகழ்வுகளை அவற்றின் தனித்தன்மையோடு அறிவதில்லை என்பது, உடலோடு எழுப்பப்படுதல் இல்லை என்பது. தர்க்கத்தை அவர் தொடவே இல்லை. தொடாதது மட்டுமா? தர்க்கம் தெரியாதவரின் அறிவை நம்ப முடியாது என்று தம் சட்டக்கோட்பாட்டு நூலான 'முஸ்தஸ்ஃபா'வின் முன்னுரையில் எழுதினார். 'நேரான தராசு' என்று இன்னொரு நூலில், நம்ரூத் என்ற அரசனிடம் இப்ராஹீம் நபி வைத்த வாதத்தை எடுத்துக்கொள்கிறார். என் இறைவன் சூரியனைக் கிழக்கிலிருந்து கொண்டுவருகிறான், நீ மேற்கிலிருந்து கொண்டுவா என்ற குர்ஆனின் இடம் அது. அந்த வாதத்துக்குள் தர்க்கத்தின் அமைப்பு எப்படி இருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிறார். மத்தா அவையில் கொண்டுவந்து தோற்ற அதே தராசு, ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் குர்ஆனுக்குள்ளிருந்தே எடுத்துக் காட்டப்படுகிறது! சூஃபிகளின் வழியைப் பரவச் செய்த அவருடைய 'இஹ்யா'வில் நற்குணத்தின் வேர்கள் என்று நான்கைச் சொல்கிறார்: ஞானம், வீரம், அடக்கம், நீதி. பிளேட்டோவின் 'குடியரசு' படித்தவருக்கு இந்த நான்கும் பழைய நண்பர்கள்.

அதே கஸ்ஸாலி, 1095இல் பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் பாடம் நடத்த வாய் திறக்க முடியாமல் போனதையும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊரை விட்டுப் போனதையும் தம் தன்வரலாற்றில் சொல்கிறார். 300 மாணவர்கள் காத்திருக்க, ஆசிரியருக்கு நா எழவில்லை. அறிவால் போகக்கூடிய தூரம் போய்ப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் சுவைத்துத்தான் அறிய வேண்டும் என்று முடிவெடுத்த ஒருவரைச் சிந்தனையின் எதிரி என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம்.

சூஃபி நெறியைப் பற்றி நான் கொஞ்சம் எச்சரிக்கையாகவே பேச வேண்டும். பாடத்தில் எதுவும் இல்லாததைப் போலவே, எல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்தது என்று சொல்வதும் தவறு. சூஃபித்துவம் என்பது அரபு உடை போட்ட பிளாட்டினஸ்தான் என்று எழுதியவர்கள் உண்டு. காலக்கணக்கே அதற்கு இடம் கொடுக்கவில்லை. சூஃபிகள் தங்கள் முன்னோடியாகக் கொள்ளும் பஸ்ராவின் ஹசன் 728இல் இறந்தார். அதே ஊரின் ராபியா, நரக பயமும் சொர்க்க ஆசையும் இல்லாத அன்பைப் பேசிய அம்மையார், 801இல் மறைந்தார் என்பது வழக்கமான கணக்கு. பிளாட்டினஸின் பகுதிகள் அரபியில் வந்ததே அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். வேர் குர்ஆனிலும் தவத்திலும் தொழுகையிலும் இருக்கிறது. கிரேக்கம் பிற்பாடு வந்து ஒரு சொல்வளத்தைக் கொடுத்தது: ஒன்றிலிருந்து பல வழிந்து வருவது, ஆன்மா தன் மூலத்துக்குத் திரும்புவது, ஒளியின் படிநிலைகள். தங்களுக்கு ஏற்கனவே நேர்ந்ததைச் சொல்ல அவர்கள் இந்தச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவைப் பற்றி எழுதிய அல் பிரூனி, சூஃபி என்ற சொல்லே ஞானத்தைக் குறிக்கும் 'சோஃபியா' என்ற கிரேக்கச் சொல்தான் என்று நினைத்தார். கம்பளி என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்பது. பிரூனி சொன்னது தவறாக இருக்கலாம். ஆனால் பதஞ்சலியையும் கிரேக்கரையும் சூஃபிகளையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்ட அந்த மனத்தை, இந்தியத் தத்துவத் தாளில்கூட நாம் அறிமுகப்படுத்துவதில்லை.

இரண்டு கனவுகளைச் சொல்கிறேன். 813 முதல் 833 வரை ஆண்ட கலீஃபா மாமூன் ஒரு கனவு கண்டதாகப் பத்தாம் நூற்றாண்டு நூலொன்று சொல்கிறது. கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று கேட்டால், அரிஸ்டாட்டில் என்கிறார். நல்லது எது என்று கேட்கிறார் மாமூன். அறிவுக்கு நல்லதாகப் படுவது. அடுத்து? மார்க்கச் சட்டத்துக்கு நல்லதாகப் படுவது. அடுத்து? மக்களுக்கு நல்லதாகப் படுவது. அடுத்து? அடுத்து என்று எதுவும் இல்லை.

ஏறக்குறைய 350 ஆண்டு கழித்து இன்னொருவருடைய கனவிலும் அதே அரிஸ்டாட்டில் வருகிறார். ஒளித் தத்துவத்தை நிறுவியவரும், 1191இல் அலெப்போவில் கொல்லப்பட்டவருமான சுஹ்ரவர்தியின் கனவு அது. அறிவு என்றால் என்ன என்று கேட்டவரிடம், உன்னிடமே திரும்பு என்கிறார் அரிஸ்டாட்டில். பிறகு தம் ஆசான் பிளேட்டோவைப் புகழ்கிறார். இஸ்லாமியத் தத்துவவாதிகளில் யாராவது அந்த உயரத்தை எட்டினார்களா என்று கேட்டால், ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்கிறார். சுஹ்ரவர்தி பெயர் பெயராகச் சொல்லிப் பார்க்கிறார், அவர் கண்டுகொள்ளவில்லை. அபூ யஸீத் பிஸ்தாமி, சஹ்ல் துஸ்தரி என்ற இரண்டு சூஃபிகளின் பெயர் வந்ததும் முகம் மலர்ந்து, அவர்கள்தான் உண்மையான தத்துவ ஞானிகள் என்கிறார். ஏதென்ஸில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் இப்படிப் பேசியிருக்க மாட்டார். 'அரிஸ்டாட்டிலின் இறையியல்' வளர்த்தெடுத்த அரிஸ்டாட்டில் இப்படித்தான் பேசுவார். இந்த இரண்டு கனவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கொடுத்தால், எந்த மாணவருக்கும் அந்த மூன்றரை நூற்றாண்டில் என்ன நடந்தது என்று புரிந்துவிடும்.

மேற்கே, ஸ்பெயினில், இப்னு ருஷ்து. அரிஸ்டாட்டிலை அதற்கு முன் யாரும் படிக்காத அளவுக்கு நுணுக்கமாகப் படித்து உரை எழுதியவர், கஸ்ஸாலிக்கு மறுப்பு எழுதியவர். அவருடைய உரைகளுக்கு ஐரோப்பாவில் கிடைத்த வாழ்வை நம் புத்தகங்களே சொல்வதால் அதை விடுகிறேன். சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மீசைகூட அரும்பாத வயதில் இப்னு அரபி கோர்டோபாவில் அவரைப் போய்ச் சந்தித்தார். இந்த இப்னு அரபிதான் பின்னாளில் பெரும் சூஃபி ஆசானாகி, 1240இல் டமாஸ்கஸில் மறைந்தவர். அந்தச் சந்திப்பை அவரே எழுதியிருக்கிறார். முதியவர் எழுந்து வந்து அணைத்துக்கொண்டு "ஆம்" என்றார். சிறுவனும் "ஆம்" என்றான். முதியவர் மகிழ்ந்தார். எதற்காக மகிழ்கிறார் என்று புரிந்ததும் சிறுவன் "இல்லை" என்றான். முதியவரின் முகம் வாடியது. அகத்தில் திறக்கும் ஞானமும் ஆராய்ச்சி அறிவும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றனவா என்று கேட்டார். ஆம், இல்லை, அந்த இரண்டுக்கும் நடுவில் உயிர்கள் உடலை விட்டுப் பறக்கின்றன என்று பதில் வந்தது.

1198இல் இப்னு ருஷ்து மராகேஷில் இறந்தார். பிறகு உடலைக் கோர்டோபாவுக்குக் கொண்டுவந்தபோது, சுமைவிலங்கின் ஒரு பக்கம் சவப்பெட்டி, எடை சமனாக மறுபக்கம் அவர் எழுதிய நூல்கள். இப்னு அரபி அங்கே நின்று பார்த்தார். அவர் எதிர்பார்த்தது கைகூடியதா என்று தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு கவிதை வரி சொன்னார்.

அத்தோடு முடிந்ததா என்றால் முடியவில்லை. கிழக்கே தூசி, ராஸி, பிறகு பதினேழாம் நூற்றாண்டில் ஷிராஸின் முல்லா சத்ரா என்று அந்த வாதம் தொடர்ந்தது. அது தனி மடலுக்கான விஷயம்.

இதெல்லாம் நமக்குத் தொலைவான ஊர்களின் கதை என்று குழுவில் யாராவது சொல்லக்கூடும். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. யுனானி என்றால் கிரேக்கம் என்றுதான் பொருள். நம் 'யவனர்' என்ற பழஞ்சொல்லின் உறவு. முஸ்லிம்களைக் குறிக்கத் தமிழில் வழங்கிய 'சோனகர்' என்ற சொல்லும் யவனர் என்பதன் வழி வந்ததே என்று சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டுகிறார்கள். யுனானி மருத்துவரை ஹக்கீம் என்கிறோம். அரபியில் அது ஞானியையும் குறிக்கும் சொல். என் வகுப்புக்கு மதரஸாவில் ஓதிவிட்டு வந்த ஒரு மாணவர் இருந்தார். போர்ஃபிரி என்ற பெயரை நான் கரும்பலகையில் எழுதி, அவர் எழுதிய 'ஈசகோகே' தர்க்கத்துக்கு முன்னுரை என்று சொன்னபோது, "சார், ஈசாகூஜியா? அதை நாங்கள் மன்திக் பாடத்தில் படித்தோமே" என்றார். மன்திக் என்றால் தர்க்கம். அவர் படித்தது பதின்மூன்றாம் நூற்றாண்டில் அப்ஹரி அரபியில் எழுதிய சிறுநூல். பெயரும் மரபும் போர்ஃபிரியுடையவை. பிளாட்டினஸின் நூலைத் தொகுத்த அதே போர்ஃபிரி. என் வகுப்பறையில் கிரேக்கத் தர்க்கத்தை மரபு வழியாகக் கற்றவர் அவர் ஒருவர்தான். நானும் அல்ல. அது அவருக்கும் தெரியாது, அன்றுவரை எனக்கும் தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் அந்த ஒரு பத்தியை வைத்திருந்தோம்.

அதனால் கேட்கிறேன். அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்தும்போது, மேலைத் தத்துவத் தாளில் அகஸ்டினுக்கும் அக்வினாஸுக்கும் நடுவே ஓர் அலகை முழுமையாக இதற்குக் கொடுங்கள். பெயர்ப்பட்டியல் வேண்டாம். நாலு பேரை எடுத்தாலும் அவர்கள் கிரேக்கருக்குச் சொன்ன பதிலோடு எடுங்கள். மத்தாவும் சீராஃபியும் செய்த வாதத்தை மூலப்பகுதியாக வையுங்கள். அது சில பக்கங்கள்தான். இப்னு சீனாவின் நிரூபணத்தை அக்வினாஸின் நிரூபணத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கஸ்ஸாலியை எதிரிகளின் வாயால் அறிமுகப்படுத்தாமல் அவருடைய தன்வரலாற்றிலிருந்து தொடங்குங்கள். புத்தகம் எழுதும் பேராசிரியர்கள், காப்பாற்றினார்கள் என்ற சொல்லை நீக்கிவிட்டு அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று ஒருமுறை யோசியுங்கள். மதரஸாக்களில் மன்திக் நடத்தும் உஸ்தாதுகள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். குழுவில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் என்னைப் போன்றவர்கள் ஆங்கிலம் வழியாகத் தடவித் தடவிப் படித்ததை அவர்கள் நேராகவே சொல்லித்தருவார்கள்.

தேர்விலும் அதிலிருந்து கட்டாயம் ஒரு கேள்வி வரும்படி செய்யுங்கள். கேள்வி வராத பகுதியை மாணவர்கள் படிப்பதில்லை; நானும் படிக்கவில்லை.

வகுப்புக்காக நான் தமிழில் எழுதி வைத்த குறிப்புகள் இருக்கின்றன. 932ஆம் ஆண்டு வாதத்தின் முக்கியப் பகுதிகள், இரண்டு கனவுகள், கஸ்ஸாலியின் தன்வரலாற்றிலிருந்து சில பக்கங்கள். அரபு அறிந்தவர்கள் பார்த்துத் திருத்த வேண்டிய நிலையில் உள்ளவை. குழு கேட்டால் மறுநாளே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தத்துவம் நடத்தும் ஓர் ஆசிரியர்